பதினேழு வரிகளில் என் பெயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையின் எந்தப் பத்தியிலும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. லப்பைக்குடிக்காட்டில் ஒரே காலைப்பொழுதில் இருபத்திரண்டு ஆண்களை நாய் கடிக்க வைத்தவள் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். இருபத்திரண்டு பேருக்கும் வலது கெண்டைக்கால், ஒரே இடம், ஒரே நாய். இதைச் சொல்லிச் சிரிக்காத உறவினர் எனக்கு ஒருவர்கூட இல்லை. சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களில் ஒருத்தராவது ஒரு வரி ப்ரோகிராம் எழுதியிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு வயது இருபத்து மூன்று. வீடு அரியலூரை ஒட்டி, சிமெண்ட் லாரிகள் போகிற சாலையோரம். அப்பா எருமை வைத்துப் பால் கறந்து அரியலூர் டீக்கடைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு அவர் அடுத்தவர் வயலில் கூலி; அப்போது வீட்டில் இருந்த ஒற்றை எருமையை அம்மாவும் அண்ணனும்தான் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் தங்கராசு எருமைக்கு நடுவிலேயே வளர்ந்து, பதினெட்டு வயதில் 'இனிமே சாணி அள்ள மாட்டேன்' என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் வேலைக்குப் போனவன். நான் கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டு, தினமும் பஸ் ஏறிப் பெரம்பலூர் போய், அங்கே புதிதாகத் திறந்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். மொத்தம் இரண்டு மிஷின். அவற்றுக்கு ஏசி உண்டு, எங்களுக்குக் கிடையாது (மிஷின் இருக்கிற அறைக்குள் போனால்தான் எங்களுக்கும் காற்று). செருப்பை வெளியே கழற்ற வேண்டும். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம் வைத்து, அது கண்ணாடியில் வழிந்து, ஒரு வாரம் எல்லா எழுத்தும் மஞ்சளாகத் தெரிந்தது.

அந்த மிஷினில் நான் ஒரு ப்ரோகிராம் எழுதினேன். அரபு நாட்டு வேலைக்குப் போகிறவர்களின் பயோடேட்டாவை அடித்துக்கொடுக்கிற ப்ரோகிராம். ஒருவருடைய அங்க அடையாளம், அனுபவம், தெரிந்த மொழிகள் எல்லாவற்றையும் ஒருமுறை பதிந்துவிட்டால், எத்தனை பிரதி வேண்டுமானாலும் கட்டம் போட்டு அழகாக ஆங்கிலத்தில் அச்சிடும். தட்டச்சுக்காரர் ஒரு நாள் முழுக்க அடிப்பதை இது டீ குடித்து முடிப்பதற்குள் அடித்துவிடும். பதிவுப் பகுதி, அச்சுப் பகுதி என்று அதில் இரண்டு பாகம். பதிவுப் பகுதியை நிம்மதியாக எழுதி முடித்தேன். அச்சுப் பகுதியைத் தொடங்கிய அன்றைக்குத்தான் முதலாளியோடு சண்டை வந்தது.

"ப்ரோகிராம் நம்ம சென்டரோடது. ஸ்க்ரீன்ல மொதல்ல என் பேரு வரணும். அப்பறம் யாரும் உள்ள பாக்க முடியாதபடி பூட்டிடு" என்றார்.

பெயர் போட்டுக்கொள்ளுங்கள், பூட்ட மாட்டேன் என்றேன். பூட்டுப் போட்டுச் சேமிக்க அந்தக் கணினி மொழியிலேயே வழி உண்டு. ஆனால் பூட்டினால் வரிகளை யாரும் பார்க்க முடியாது, தப்பு இருந்தால் திருத்த முடியாது, அதைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்ளவும் முடியாது. நான் கற்றுக்கொண்டதே யாரோ ஊர் பேர் தெரியாத ஆள் பூட்டாமல் விட்ட ப்ரோகிராம்களைப் பார்த்துத்தான். அதனால் என்னுடையதன் முதல் வரியில் 'யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம்' என்று எழுதி வைத்தேன். முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த ஒரு வாரத்தில் என் கோபத்தையும் உள்ளே எழுதி வைத்தேன். மிஷினில் கோப்புகளை வைக்க டைரக்டரி என்று ஒன்று உண்டு. வட்டு (டிஸ்க்) ஓர் அலமாரி என்றால் இது அதில் ஒரு தட்டு மாதிரி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பெயர். பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அந்த மிஷினின் சட்டம். என் பெயர் பூங்கொடி. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், எண்ணி எட்டு எழுத்து! எனக்காகவே போட்ட சட்டம் போல இருந்தது. எங்கள் வீட்டில் என் பெயரில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆகவே அச்சுப் பகுதியில் கோப்பைத் தேடுகிற இடம் வந்தபோதெல்லாம், 'சி என்கிற வட்டில், பூங்கொடி என்கிற டைரக்டரியில் போய் எடு' என்று அழுத்தமாக எழுதினேன். பதினேழு வரிகளில். ஸ்க்ரீனில் முதலாளி பெயர் வரட்டும். ஆனால் என் பெயரில் தட்டு இல்லாத மிஷினில் இந்த ப்ரோகிராம் ஒரு காகிதம்கூட அடிக்காது.

கேட்டவர்களுக்கெல்லாம் பிளாப்பியில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அரியலூரில் ஒரு தட்டச்சுப் பள்ளி, ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. வரதராஜன்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் மிஷினே இல்லாமல் பிளாப்பி மட்டும் வாங்கிப் போனார் (மிஷின் வாங்கும்போது தேவைப்படுமாம்). எல்லோருக்கும் ஒரே நிபந்தனை, சி வட்டில் பூங்கொடி என்று ஒரு டைரக்டரி போட வேண்டும். தட்டச்சுப் பள்ளிக்காரர் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, எங்க மிஷின்ல வேற எடத்துல வெச்சுக்கிட்டா ஆவாதா? எங்க இருக்குன்னு அதுவே நம்மள கேட்டுக்கிட்டா சௌகரியமா இருக்கும்ல?"

"ஒங்க வூட்டுக்கு விருந்தாளி வந்தா நீங்கதான் பாய் எடுத்துப் போடணும் சார். விருந்தாளியா வந்து எங்க உக்காரட்டும்னு கேட்டுக்கிட்டு நிப்பாங்க?" என்றேன்.

அவர் டைரக்டரி போட்டுக்கொண்டார். நான் எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

இப்படி இருக்கும்போது லப்பைக்குடிக்காட்டிலிருந்து கரீம் பாய் வந்தார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவர். அவர் மகன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அடுத்த வாரம் பம்பாயிலிருந்து ஏஜெண்ட் ஒருவர் வருகிறார், ஒரே ஒரு நாள் இன்டர்வியூ, இருபத்திரண்டு பேர். எல்லாருக்கும் பயோடேட்டா வேண்டும், அதுவும் கம்ப்யூட்டரில் அடித்ததாக இருந்தால் நம் ஆட்களுக்கு ஒரு மதிப்பு என்றார். நான் உடனே சரி என்றேன். கூடவே, அந்த இருபத்திரண்டில் என் அண்ணனையும் சேர்க்க வேண்டும் என்றேன்.

அண்ணனுக்கு இது மூன்றாவது முயற்சி. முதல் தடவை திருச்சியில், வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற ஆளோடு இடம் முடிந்துவிட்டது. இரண்டாவது தடவை ஏஜெண்டே காணாமல் போனான். பாஸ்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, கரணையும் மட்டப்பலகையும் இருக்கிற அதே பையில் வைத்துக்கொண்டு சாரம் ஏறிக்கொண்டிருந்தான். இந்தத் தடவையும் போகாவிட்டால் இனி முயற்சி செய்வதில்லை, எருமைகளோடு இருந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். அப்படி ஒரு வாக்கை அவன் கொடுத்ததே எவ்வளவு நொந்துபோயிருந்தான் என்பதற்குச் சாட்சி.

கரீம் பாய் வீட்டு மிஷின் எங்கள் சென்டர் மிஷினைவிடப் பெரியது. வட்டை இரண்டாகப் பிரித்திருந்தார்கள், சி ஒன்று, டி ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டவர் பாயின் மருமகள் ஷம்ஷாத். கணவர் துபாய் போனபிறகு, கூட வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தானாகவே படித்திருந்தார்.

"சி-யில பாஸ்போர்ட்டு வெவரமெல்லாம் வெச்சிருக்கேன்மா. அதுல மட்டும் கைய வெச்சுடாத. ஒனக்கு டி பூரா எடுத்துக்க" என்றார் கரீம் பாய்.

இரண்டு நாள் உட்கார்ந்து இருபத்திரண்டு பேரின் விவரத்தையும் டி-யில் பதிந்தேன். பதிவுப் பகுதி சமர்த்து. எங்கே உட்காரவைக்கிறோமோ அங்கேயே சேமித்துக்கொள்ளும். அதை எழுதும்போது எனக்குக் கோபம் வரவில்லை அல்லவா. இன்டர்வியூ அன்று காலை ஒன்பது மணிக்கு அச்சுப் பகுதியை ஓட்டினேன். ஸ்க்ரீனில், 'அப்படி ஓர் இடமே இல்லை' என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. சி-யில் பூங்கொடி எங்கே என்று தேடி, காணாமல் நின்றுவிட்டது.

பத்து மணிக்குப் பம்பாய் சார் வருகிறார். முற்றத்தில் இருபத்திரண்டு பேர், இஸ்திரி போட்ட சட்டையோடு. அறிவுள்ள யாராக இருந்தாலும் அப்போது பதினேழு வரிகளைத் திறந்து சி என்பதை டி என்று மாற்றியிருப்பார்கள். நான் என்ன செய்தேன் என்றால், கரீம் பாய் அந்தப் பக்கம் போகட்டும் என்று காத்திருந்து, அவருடைய சி-யில் என் பெயரில் ஒரு டைரக்டரி போட்டேன். என் பிளாப்பியில் இருந்த எல்லாவற்றையும் அதற்குள் அப்படியே கொட்டினேன்.

"அக்கா, மாமா சி-யில கைவைக்க வேணாம்னாங்களே" என்றார் ஷம்ஷாத், பின்னால் நின்றபடி.

"ஒரு ஓரமா கொஞ்சூண்டு எடம்தான்" என்றேன்.

திரும்ப ஓட்டினேன். பிரிண்டர் கரகரவென்று அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தாளுக்கும் பெயர், தகப்பனார் பெயர், பாஸ்போர்ட் எண் மூன்றையும் நான் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தட்டுவேன், மற்றதைக் கோப்பிலிருந்து வரிசைப்படி அதுவே எடுத்துக்கொள்ளும். வந்த தாள்களில் மேல் மூன்று வரியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அதற்குக் கீழே பார்க்கவில்லை. என் ப்ரோகிராமை நானே சந்தேகப்படுவதா?

பிளாப்பியில் ஒரு ஒத்திகைக் கோப்பு இருந்தது என்பதைத்தான் நான் மறந்துபோனேன். ப்ரோகிராமைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டபோது, எல்லா விவரமும் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் அப்பாதான். அங்க அடையாளம், வலது கெண்டைக்காலில் நாய் கடித்த தழும்பு. அனுபவம், எருமை பராமரிப்பு, பதினோரு வருடம். மொழிகள், தமிழ் (எருமை பாஷை என்றும் எழுதியிருந்தேன், பிறகு மனச்சாட்சி உறுத்தி எடுத்துவிட்டேன்). அதையே இருபத்தைந்து தடவை பிரதி எடுத்து ஒத்திகை பார்த்திருந்தேன். நான் கொட்டிய பூங்கொடி டைரக்டரிக்குள் இருந்தது அந்த இருபத்தைந்து அப்பாக்கள். டி-யில் இருந்த உண்மையான இருபத்திரண்டு பேரை அச்சுப் பகுதி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள், அவன் தாளை நான் முதலில் அடித்திருந்தேன். நான் பிரிண்டர் அறையில் இருந்தேன். அந்தச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. கதவு வழியாக முகம் மட்டும் தெரிந்தது. பம்பாய் சார் பம்பாயிலேயே வளர்ந்த தமிழர், கண்ணாடிக்கு மேல் எட்டிப் பார்த்துப் பேசுகிறவர். அண்ணன் தாளைப் பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்தான். நான் பெருமையாகத் தலையாட்டினேன். அவனும் தலையாட்டினான். உள்ளே நடந்த பேச்சைக் கரீம் பாய் பிறகு சொன்னார்.

"வலது கெண்டைக்கால்ல நாய்க்கடி. சரியா?"

"சரிங்க."

"எருமை பராமரிப்பு, பதினோரு வருஷம்?"

அண்ணன் தாளை இன்னொரு தடவை பார்த்தானாம். பிறகு, "ஆமாங்க."

"லிஸ்ட்ல மேசன்னு போட்டிருக்கே?"

"அதுவும் தெரியுங்க."

பம்பாய் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டதாம். துபாய் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணைக்கு அனுபவமுள்ள ஆள் ஒருவர் வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எல்லா ஊரிலும் மேசனும் தச்சரும்தான் கிடைத்திருக்கிறார்கள். உடனே வேறு ஒரு பாரத்தை எடுத்து, அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். அண்ணன் வெளியே வந்தான்.

"ஆச்சா?"

"ஆச்சு" என்றான். முகத்தில் ரத்தமே இல்லை. சந்தோஷத்தில் அப்படி இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டாவது ஆள் அப்துல் வஹாப், கம்பி கட்டுகிறவர். வாட்டசாட்டமான ஆள், குரலும் அதே அளவு. பிரிண்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"நாயா? என்னய எந்த நாயும் கடிக்கலீங்க! கடிக்கறதுக்கு எந்த நாய்க்கு தைரியம் இருக்கு?"

"எருமை பராமரிப்பு..."

"அல்லாவே! எங்க வூட்ல கோழிகூட கெடையாதுங்க!"

மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார்கள். நான்காவது, ஐந்தாவது. பம்பாய் சார் எல்லாத் தாள்களையும் ஒன்றாக மேஜையில் பரப்பினார். முற்றத்தில் நான்கு பேர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"பாய், இந்த ஊர்ல நாய்த் தொல்லை அதிகமோ?" என்றார் பம்பாய் சார்.

என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். தாளை நீட்டினார். மூன்றாவது வரிக்குக் கீழே அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் படித்தேன்.

"நீங்கதான் கம்ப்யூட்டரா?"

"ஆமாங்க."

"இது யாரோட வாழ்க்கை?"

"எங்க அப்பாவோடதுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

முற்றம் முழுக்கச் சிரித்தது. அப்துல் வஹாப் மட்டும் சிரிக்கவில்லை. பம்பாய் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணரைக்குக் கார் கெளம்பும். அதுக்குள்ள அவங்கவங்க வாழ்க்கைய அவங்கவங்ககிட்ட குடுத்துடுங்க. இல்லாட்டி இந்த ஊரு கணக்குல யாரும் கெடையாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் அறைக்குத் திரும்பினேன். சி-யில் கைவைத்ததற்குக் கரீம் பாய் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. கதவோரம் நின்று, "இருபத்தோரு வூட்டுல இன்னிக்கி ஒலை வெக்காம காத்துக்கிட்டு இருக்காங்கம்மா" என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

ஷம்ஷாத் அதற்குள் என் ப்ரோகிராமின் வரிகள் முழுவதையும் தாளில் அடித்து எடுத்து, பென்சிலால் சுழித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இங்க பாருங்க. இந்த வரியில ஒங்க பேரு இருக்கு. இதுல இருக்கு. இதுலயும் இருக்கு. மொத்தம் பதினேழு. இதையெல்லாம் எடுத்துட்டு, எங்க இருக்குன்னு மொதல்ல ஒரு தடவ கேட்டுக்கிட்டா போதும். நாம டின்னு சொல்லிட்டா எல்லா எடத்துலயும் டின்னே எடுத்துக்கும்."

தட்டச்சுப் பள்ளிக்காரர் சொன்ன அதே சங்கதி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் பேர எடுக்க மாட்டேன்."

"அக்கா..."

"எங்க மொதலாளி பேரு ஸ்க்ரீன்ல ஜொலிக்கிது. அவரு ஒரு வரி எழுதல. எழுதுனது நானு. என் பேரு எங்கயுமே இருக்கக் கூடாதா? ஒங்க மிஷினு மாறட்டும், நான் மாற மாட்டேன்."

ஷம்ஷாத் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, சுருட்டின பேண்ட்டை இறக்கிவிட மறந்து, என் ப்ரோகிராமை நம்பி வந்த ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் அவர்களிடமிருந்து தள்ளி, சுவரோரம் குந்தியிருந்தான். அவனிடம் கையெழுத்துப் போட்ட பாரம் இருந்தது. அதை அவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் எட்டாவது வரை படித்தவன், அந்த அளவு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பான். தாளைப் பார்த்த நிமிஷமே தப்பு என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறான்.

"கேக்கட்டும்" என்றேன் ஷம்ஷாத்திடம். "எங்க இருக்குன்னு கேக்கட்டும். ஆனா பதில் சொல்லாம வெறுமனே பட்டனத் தட்டுனா, அப்ப பூங்கொடிதான். அத மாத்த மாட்டேன்."

"அதுவும் சரிதான்" என்றார் அவர். சிரிக்காமல் சொன்னார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர் வரி எண்ணைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பதினேழு இடத்திலும் என் பெயர் போய், மேலே ஒரே ஓர் இடத்தில் நின்றது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பூட்டிப் பிளாப்பி கொடுத்திருந்தால் அன்றைக்கு அந்தப் பெண்ணால் ஒரு வரியைக்கூடப் பார்த்திருக்க முடியாது. சென்டருக்கு டிரங்கால் போட்டு, முதலாளி சாப்பிட்டுத் தூங்கி எழுந்து... நினைக்கவே வேண்டாம். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் தாண்ட மாட்டேன்.

ப்ரோகிராம் எங்கே என்று கேட்டது. டி என்றோம். இரண்டரை மணிக்குள் இருபத்தோரு வாழ்க்கையும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு தாளையும் ஷம்ஷாத் கடைசி வரிவரை படித்துத்தான் வெளியே விட்டார். அப்துல் வஹாப்பின் உண்மையான அங்க அடையாளம் நெற்றியில் மச்சம். பம்பாய் சார் அதைத் தொட்டுப் பார்த்தாராம். பதினான்கு பேர் தேறினார்கள், அவரும் அதில் ஒருவர்.

கடைசியாக அண்ணனின் சரியான தாளையும் அடித்து எடுத்துக்கொண்டு நானே உள்ளே போனேன். கொத்தனார், ஆறு வருடம்.

"சார், காலையில குடுத்தது எங்க அப்பாவோடது. இதுதான் அண்ணனோடது."

பம்பாய் சார் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மேசன் எடமெல்லாம் நெரம்பியாச்சேம்மா" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "நீ எதுக்குய்யா நாய் கடிச்சுதுன்னு சொன்னே? மாட்டப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆள அனுப்பி நான் அங்க பேரக் கெடுத்துக்கவா?" என்று பாரத்தைக் கிழிக்கக் கை நீட்டினார்.

அண்ணன் பாரத்தை விடவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"தெரியாதுன்னு யாரு சொன்னது? தப்பு என் ப்ரோகிராமோடது. அவனோடது இல்ல. ஏழு வயசுலேர்ந்து பதினெட்டு வயசு வரைக்கும் எங்க வூட்டுல சாணி அள்ளுனது யாரு, பால் கறந்தது யாரு? கணக்குப் போட்டுப் பாருங்க சார், அதுவும் பதினொன்னுதான் வருது. நாய்க்கடி ஒண்ணுதான் அப்பாவோடது!"

பாரத்தின் ஒரு முனை பம்பாய் சார் கையிலும் மறுமுனை அண்ணன் கையிலுமாக நின்றது. கரீம் பாய்தான் குறுக்கே வந்தார். வீட்டுப் பின்னால் அவரிடம் ஒரு பசு இருந்தது. கறக்கிற ஆளைத் தவிர யார் கிட்டே போனாலும் உதைக்கும், கறவை ஆள் அன்றைக்கு வரவில்லை, மடி கட்டிப்போய்க் கத்திக்கொண்டிருக்கிறது என்றார். எல்லோரும் கொல்லைக்குப் போனோம். பம்பாய் சார் பத்தடி தள்ளி நின்றார்.

அண்ணன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். சுண்ணாம்பு பட்டு வெடித்திருந்த கையைத் தண்ணீரில் ஊறவைத்து, விளக்கெண்ணெய் கேட்டு வாங்கித் தடவிக்கொண்டான். பசுவின் முதுகில் உள்ளங்கையை வைத்து என்னவோ மெதுவாகச் சொன்னான். அப்பா எங்கள் வீட்டில் சொல்கிற அதே சத்தம். பசு ஒரு காலைத் தூக்கியது. பிறகு அதுவாகவே காலைக் கீழே வைத்துவிட்டது. பால் பாத்திரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. நுரை பாத்திரத்தின் விளிம்புக்கு வந்தபோது பம்பாய் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பாரத்தை நான்காக மடித்து, என் கையிலிருந்த அண்ணன் சட்டையின் பையில் வைத்தார்.

"நாய்க்கடிய மட்டும் எடுத்துட்டு வேற எதாவது போட்டுக் குடுங்க" என்றார் என்னிடம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். தப்பு என்று தெரிந்தும் ஏன் ஆமாம் என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"பின்ன? எதிர்ல நீ தலைய ஆட்டிக்கிட்டு நிக்கிற. என் தங்கச்சி அடிச்சது தப்புன்னு அந்த ஆளுகிட்ட நான் சொல்லணுமா?" என்றான். அதற்குப் பிறகு பெரம்பலூர் வரும்வரை நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் வந்த ஒரே பஸ் பயணம் அதுதான் என்று அவன் இன்றுவரை சொல்கிறான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா முதலில் நம்பவில்லை. மாடு பார்க்க ஆளைக் கப்பலில் ஏற்றுவார்களா என்றார். விமானம் என்றோம். காலில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"காகிதத்துல எத்தன வருசம்னு போட்டிருந்த?"

"பதினொன்னுப்பா."

"அது யாரு பாத்த பதினொன்னு?"

"நீங்க பாத்ததுதான்."

மறுநாள் காலை பால் ஊற்றிய ஒவ்வொரு டீக்கடையிலும், "எம் மவன் என் சர்வீசுல துபாய் போறான்" என்று சொல்லிக்கொண்டு போனார். கூலிக்காரராகவும் பால்காரராகவும் இருந்த எங்கள் அப்பாவுக்கு அதற்கு முன் சர்வீஸ் என்று ஒன்று இருந்ததாக யாரும் சொன்னதில்லை. அண்ணன் அந்தப் பண்ணையில் பதினான்கு வருடம் இருந்தான். மாடுகளுக்கு ஏசி போட்ட கொட்டகை, கடைசியில் அவனுக்கும் ஏசி போட்ட அறை. ஒவ்வொரு லீவுக்கும் அப்பா முதலில் மாடுகளை விசாரித்துவிட்டுத்தான் அவனை விசாரிப்பார். வீட்டில் இன்றைக்கும் யாராவது வேலையில் சேர்ந்தால், "யாரு சர்வீசுல போற?" என்றுதான் கேட்கிறோம்.

பதினான்கு வருடம் முடித்து அண்ணன் மொத்தமாகத் திரும்பி வந்த அன்று, சாமான்களை இறக்கக்கூட விடாமல் அப்பா அவனை எதிரில் உட்காரவைத்தார். அப்போது அவருக்குப் பார்வை மங்கியிருந்தது, எருமைகளை விற்றாகிவிட்டது.

"எத்தன வருசம் ஆச்சு?"

"பதினாலுப்பா."

அப்பா விரல் விட்டு எண்ணினார்.

"என்னது பதினொன்னு, ஒன்னுது பதினாலு. ஆக இருவத்தஞ்சு வருசம் சர்வீசு எனக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அத ஒரு காயிதத்துல அடிச்சுக் குடு" என்றார்.

அன்றைக்கே அடித்துக் கொடுத்தேன். நாய்க்கடியையும் விடாமல் சேர்த்து.